சி.ஏ. 125: ஓர் எண்ணை நம்பி வயிற்றைக் கீறலாமா?

முழு உடல் பரிசோதனை என்ற பெயரில் விற்கப்படும் தொகுப்புகள் சிலவற்றில், சினைப்பைப் புற்றுநோயைக் காட்டிக்கொடுக்கும் என்று சொல்லிச் சி.ஏ. 125 என்னும் இரத்தப் புரதத்தின் அளவையும் சேர்த்துவிடுகிறார்கள். யாதோர் உபாதையும் இல்லாத ஸ்திரீ ஒருத்தி, 35 என்ற வரம்புக்கு மேற்பட்ட எண்ணைத் தன் அறிக்கையில் கண்ட மாத்திரத்தில், ஆயுளே முடிந்துவிட்டதாகக் கலங்கிப்போகிறாள். அக்கலக்கத்துக்குப் பெரும்பாலும் ஆதாரமில்லை.

1981-இல் ராபர்ட் பாஸ்ட் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய சகாக்களும் இனங்கண்ட இப்பொருள், மாதவிலக்கிலும் கர்ப்ப காலத்திலும் கல்லீரல் வியாதியிலும்கூட உயரும். நம் தேசத்தை விட்டு இன்னும் நீங்காத காசநோய் வயிற்றறையைப் பற்றும்போதோ, எண் நூற்றுக்கணக்கில் ஏறுவதோடு நீரும் கட்டியும் சேர்ந்துகொண்டு, தேர்ந்த நிபுணரையும் புற்றுநோயென்றே மயக்கிவிடுவதுண்டு; மாத்திரைகளால் குணமாகியிருக்க வேண்டிய பெண்கள் பெரிய அறுவைக்கு உள்ளான துயரங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. மறுபுறம், ஆரம்ப நிலைப் புற்றுநோயில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இந்த எண் உயர்வதே இல்லை. ஆகவே, வயிற்று உப்புசமும் சீக்கிரமே வயிறு நிறைந்துவிடும் உணர்வும் வாரக்கணக்கில் நீடித்தால், எண் குறைவாயிருக்கிறதே என்று வாளாவிருப்பதும் அபாயமே. பிரிட்டனில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்த ஆய்வு, அறிகுறியற்றவர்களுக்கு இந்த எண்ணைச் சோதித்து வந்ததால் மரணம் குறையவில்லை என்றே 2021-இல் அறிவித்தது.

இச்சோதனையின் மெய்யான பிரயோஜனம் வேறு. நோய் இன்னதென்று நிச்சயமான பிறகு, சிகிச்சைக்கு முன்னும் பின்னும், கூடியவரை ஒரே ஆய்வகத்தில் அளந்து வந்தால், மருந்து பலிக்கிறதா, நோய் திரும்புகிறதா என்பதை அனுமானிக்கலாம். அப்போதும், வேறு அறிகுறி தோன்றுமுன் எண் ஏறியதை மட்டுமே கொண்டு கீமோதெரபியை முன்கூட்டித் தொடங்கியது ஆயுளை நீட்டவில்லை என்பது 2010-இல் வெளியான ஆய்வின் முடிவு.

இனி, நோயாளியின் உரிமை. மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது மருத்துவர்களின் நடத்தைக்கான 2002-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதி. அவற்றை எடுத்துச் சென்று வேறொரு நிபுணரின் கருத்தைக் கேட்பதற்கு எவரும் தடைசொல்ல முடியாது. நோயை அறிவதற்கான சோதனைக்கு அளித்த சம்மதம், உயிருக்கு உடனடி ஆபத்து நேர்ந்தாலன்றி, உறுப்பை அகற்றும் சிகிச்சைக்கான சம்மதமாகாது என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. கட்டணம் பெற்றுச் செய்த சிகிச்சையில் அலட்சியம் நேர்ந்திருந்தால், இரண்டு ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம்.

ஆனால் இழந்த உறுப்பை எந்த ஆணையமும் திருப்பித் தராது. ஆதலால், சம்மதப் பத்திரத்தில் கையெழுத்திடுமுன், காசநோய் இல்லையென்பதை எவ்வாறு உறுதிசெய்தீர்கள் என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.