கைப்பக்குவம் மட்டும் போதுமா? கடை திறக்கும் முன் சந்தையைப் படியுங்கள்

சிறு வியாபாரம் பற்றிய தொலைக்காட்சிக் கலந்துரையாடல்களை வழிநடத்தும்போது விருந்தினர்களிடம் நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இதே பொருளை உங்களுக்கு முன்பே விற்பவர் யார்? அவரை விட்டுவிட்டு மக்கள் ஏன் உங்களிடம் வர வேண்டும்?" பலர் இதற்குப் பதில் சொல்லத் தடுமாறுவார்கள். அந்தக் கேள்வியை என் சொந்த அக்காவிடம் கேட்க நான் தவறியதால் என்ன நடந்தது என்பதைத்தான் இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

அக்கா ஈப்போவில் வசிக்கிறார். 2022 ஏப்ரலில் ஊழியர் சேம நிதியிலிருந்து 10,000 வெள்ளி வரை எடுக்கச் சிறப்பு அனுமதி வழங்கப்பட்டபோது அவரும் எடுத்தார். அவ்வாண்டு தீபாவளிக்கு வீட்டிலேயே முறுக்கு சுட்டு, உறவினர்களுக்கும் உடன் வேலை செய்பவர்களுக்கும் விற்றார். ஒரு பாக்கெட் கூட மிஞ்சவில்லை.

"தம்பி, இதையே தொழிலா செய்யலாமா?" என்று கேட்டார்.

"உங்க கைப்பக்குவம் யாருக்குக்கா வரும்? தைரியமா ஆரம்பிங்க" என்றேன்.

2023 ஜனவரியில் கடையை வாடகைக்கு எடுத்தார். இயந்திரம் வாங்கினார். பற்றாக்குறைக்கு நகையை அடகு வைத்தார். ஆகஸ்டில் கடையை மூடிவிட்டார்.

தவறு எங்கே?

முறுக்கில் ஒரு குறையும் இல்லை. ஆனால் தீபாவளிக்கு வாங்கியவர்கள் பிப்ரவரியில் வாங்கவில்லை. அதோடு, கச்சான் பூத்தேவுக்குப் பெயர் பெற்ற புந்தோங் இருப்பதே ஈப்போவில்தான். அங்கே பல குடும்பங்கள் தலைமுறையாக முறுக்கும் கடலையும் தயாரித்து வெளியூர்களுக்கும் அனுப்புகின்றன. அக்காவின் 200 கிராம் பாக்கெட் 6 வெள்ளி. பக்கத்து மளிகைக் கடையில் 400 கிராம் பாக்கெட் 7 வெள்ளி. அதாவது 100 கிராமுக்கு அக்கா 3 வெள்ளி கேட்டார். மற்றவர் 1 வெள்ளி 75 சென் கேட்டார். இந்தக் கணக்கை நாங்கள் போட்டுப் பார்த்தது கடையை மூடிய பிறகுதான்.

பெரிய நிறுவனங்களும் இப்படிச் சறுக்கியிருக்கின்றன. ஸ்டார்பக்ஸ் 2000-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் கால் பதித்தது. இத்தாலி, கிரேக்கக் குடியேறிகள் வளர்த்த காப்பிக் கடைப் பழக்கம் அங்கே ஏற்கெனவே ஊறிப் போயிருந்தது. மூலைக்கு மூலை நல்ல காப்பி கிடைக்கும் நாட்டில் அந்நிறுவனம் வேகமாகக் கடைகளைப் பெருக்கியது. 2008-இல் 84 கடைகளில் 61-ஐ மூட வேண்டியதாயிற்று. அவர்களால் அந்த இழப்பைத் தாங்க முடிந்தது. சேம நிதிப் பணத்தில் கடை திறக்கும் நம்மால் தாங்க முடியுமா?

வள்ளுவர் 'வலியறிதல்' என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். செய்யப் போகும் செயலின் வலிமை, தன் வலிமை, எதிர்நிற்பவரின் வலிமை, துணை நிற்பவரின் வலிமை ஆகிய நான்கையும் எடைபோட வேண்டும் என்கிறார். அரசனுக்குச் சொன்னதுதான், முறுக்குக் கடைக்கும் அது பொருந்தும்.

என்ன செய்ய வேண்டும்?

முதலாவது, வாங்குபவரை அறியுங்கள். "என் முறுக்கை வாங்குவீர்களா?" என்று கேட்டால் தெரிந்தவர்கள் எல்லாரும் "கண்டிப்பாக" என்றுதான் சொல்வார்கள். அது அன்பு, அதை வியாபாரமாக எண்ணிவிடக் கூடாது. "கடைசியாக எப்போது முறுக்கு வாங்கினீர்கள்? எங்கே? என்ன விலைக்கு?" என்று கேளுங்கள். முகம் தெரியாத 30 பேரிடமாவது கேளுங்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசியக் குடிமக்களில் இந்தியர்கள் 6.7 விழுக்காட்டினர். நம்மவர்களை மட்டும் நம்பித் தொழில் செய்வதா, மற்ற இனத்தவரிடமும் விற்பதா என்பதை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். மலாய்க்காரர்களிடமும் விற்க நினைத்தால் ஜாக்கிமின் ஹலால் சான்றிதழ் பற்றித் தொடக்கத்திலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, போட்டியாளரை அறியுங்கள். அவர்களின் பாக்கெட்டுகளைக் காசு கொடுத்து வாங்கி வீட்டு மேசையில் பரப்பி வையுங்கள். எடை, விலை, காலாவதித் தேதி, தயாரிப்பாளர் முகவரி ஆகியவற்றை நோட்டில் எழுதுங்கள். ருசி பாருங்கள். கடைக்கு ஒரு முறை போனால் போதாது. சாதாரண நாள், வார இறுதி, சம்பளம் வந்த வாரம் என மூன்று வேளைகளில் போய்ப் பாருங்கள். எந்தப் பாக்கெட் வேகமாகக் குறைகிறது, எது தூசி படிந்து கிடக்கிறது என்பது அப்போதுதான் தெரியும். போட்டியாளரே இல்லை என்றால் உடனே மகிழ்ந்துவிடாதீர்கள். அந்தப் பொருளை அங்கே வாங்க ஆளில்லை என்றும் அதற்குப் பொருள் இருக்கலாம்.

மூன்றாவது, கடைக்காரரிடம் பேசுங்கள். அவர் எவ்வளவு கழிவு எதிர்பார்க்கிறார்? பணம் உடனே தருவாரா, விற்ற பிறகா? விற்காததைத் திருப்பி அனுப்புவாரா? அக்காவின் ஒரு பாக்கெட்டுக்கு அடக்கச் செலவு 3 வெள்ளி 50 சென். நேரடியாக விற்றால் 2 வெள்ளி 50 சென் மிஞ்சும். மளிகைக் கடை வழியாக விற்று 25 விழுக்காடு கழிவு கொடுத்தால் மிஞ்சுவது 1 வெள்ளிதான். கடை வாடகையோ மாதம் 900 வெள்ளி. வாடகையை மட்டும் கட்ட நேரடியாக 360 பாக்கெட் விற்க வேண்டும். மளிகைக் கடை வழியாக என்றால் 900 பாக்கெட். அவருடைய உழைப்புக்கு இதில் ஒரு சென்கூடச் சேர்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

நான்காவது, சிறிதாகச் சோதித்துப் பாருங்கள். கடையும் இயந்திரமும் பிறகு வரட்டும். பண்டிகை இல்லாத மாதம் ஒன்றில் 50 பாக்கெட் செய்து, உங்களைத் தெரியாதவர்கள் வரும் இரவுச் சந்தையில் விற்றுப் பாருங்கள். அதே ஆட்கள் இரண்டாம் முறையும் தேடி வந்தால் அதுதான் நல்ல அறிகுறி.

எங்கள் துறையிலும் இதே கதைதான். ஒரு நிகழ்ச்சியைத் தயாரிக்கும் முன், அதே நேரத்தில் மற்ற அலைவரிசைகளில் என்ன ஓடுகிறது, அந்நேரத்தில் வீட்டில் தொலைக்காட்சி முன் அமர்ந்திருப்பவர் யார் என்று பார்த்த பிறகே வேலையைத் தொடங்குவோம். வேலையில் அவ்வளவு கவனமாக இருந்த நான், அக்கா விஷயத்தில் பாசத்தோடு பேசினேனே தவிர பொறுப்போடு பேசவில்லை.

அக்கா இப்போது மீண்டும் முறுக்கு சுடுகிறார், ஆனால் கடை இல்லை. இம்முறை இரண்டு மாதம் விசாரித்தார். திருமண, நிச்சயதார்த்தச் சீர்த்தட்டுகளுக்குச் சொன்ன அளவில், சொன்ன நாளில், புதிதாகச் சுட்டுத் தருபவர்கள் தம் வட்டாரத்தில் குறைவு என்று கண்டுகொண்டார். பாதிப் பணம் முன்பணமாக வந்த பிறகே மாவைத் தொடுகிறார். வருமானம் பெரிதாக இல்லாவிட்டாலும் நட்டமில்லை. அடகு வைத்த நகைகளில் ஒரு சங்கிலி மட்டும் இன்னும் மீட்கப்படவில்லை.

நம் சமுதாயத்தில் தொழில் தொடங்கும் துணிச்சல் வளர்ந்து வருவது மகிழ்ச்சிக்குரியது. அடுத்த முறை உங்கள் வீட்டில் ஒருவர் "தொழில் தொடங்கவா?" என்று கேட்டால் உடனே கை தட்டிவிடாதீர்கள். ஒரு நோட்டையும் பேனாவையும் கொடுத்து, அவருடன் நீங்களும் சந்தைக்குப் போய் வாருங்கள்.