ஒரே அறை, ஒரே நேரம், இரண்டு கூட்டம்... அலுவலக நாள்காட்டியில் சரிசெய்வது எப்படி?

பிற்பகல் 3 மணி. கூட்ட அறையின் கதவைத் திறக்கிறீர்கள். உள்ளே வேறொரு குழு உட்கார்ந்திருக்கிறது.

"நாங்க புக் பண்ணிட்டோமே!"

"நாங்களும்தான்!"

வேலை நேர்காணலுக்கு வந்தவர் வெளியே காத்திருக்கிறார். கடைசியில் அறை யாருக்கு? பல நேரங்களில் பதவியில் உயர்ந்தவருக்குத்தான். புதிதாகச் சேர்ந்தவர் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு பேன்ட்ரிக்குப் போய்விடுவார்.

சிங்கப்பூரில் நீக்குப்போக்கான வேலை ஏற்பாடு குறித்த முத்தரப்பு வழிகாட்டிகள் 2024 டிசம்பர் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தன. வீட்டிலிருந்து வேலை செய்ய ஊழியர்கள் முறையாக விண்ணப்பிக்கலாம். குழு முழுவதும் அலுவலகம் வருவது வாரத்தில் ஒன்றிரண்டு நாள் என்றால், அன்றைக்குத்தான் எல்லாருக்கும் அறை வேண்டும்!

நல்ல செய்தி: இதற்காகப் புதிய மென்பொருள் வாங்க வேண்டும் என்பதில்லை. பல அலுவலகங்களில் ஏற்கெனவே இருக்கும் அவுட்லுக் அல்லது கூகுள் கேலண்டரே போதும்.

சிக்கல் எங்கே தொடங்குகிறது?

கூட்ட அழைப்பில் 'லொக்கேஷன்' என்ற இடத்தில் அறையின் பெயரைத் தட்டிவிட்டால், பதிவாகிவிட்டது என்று நினைக்கிறோம்.

இல்லை. அது வெறும் எழுத்து. அதே பெயரை அதே நேரத்துக்குப் பத்து பேர் எழுதலாம். மென்பொருள் யாரையும் தடுக்காது.

அறைக்கென்று சொந்த மின்னஞ்சல் முகவரியும் நாள்காட்டியும் இருக்கவேண்டும். அப்போது அறையும் கூட்டத்துக்கு அழைக்கப்படும் ஓர் ஆள் மாதிரிதான். நேரம் காலியாக இருந்தால் அழைப்பை ஏற்கும். இல்லையென்றால் மறுக்கும்.

அது பதவி பார்க்காது. முதலில் பதிந்தவருக்கே அறை.

மைக்ரோசாஃப்ட் 365 பயன்படுத்துகிறீர்களா?

நிர்வாகிக் கணக்கு வைத்திருப்பவர் இதைச் செய்யவேண்டும்.

1. நிர்வாக மையத்தில் 'ரிசோர்சஸ்', அதன்கீழ் 'ரூம்ஸ் அண்ட் எக்விப்மென்ட்' பகுதிக்குச் செல்லுங்கள்.

2. புதிய அறையைச் சேருங்கள். எத்தனை பேர் உட்காரலாம், எந்த மாடி என்பதையும் குறிப்பிடுங்கள். 'மீட்டிங் ரூம் 2' என்பதைவிட '6ஆம் மாடி, 8 பேர், திரை உண்டு' என்ற பெயர் உதவும்.

3. அழைப்புகளைத் தானாக ஏற்கும் வசதி இயங்குகிறதா என்று பாருங்கள்.

4. வரம்பு வையுங்கள். வழக்கமான அமைப்பில் 180 நாள் முன்கூட்டியே பதியலாம், ஒரு கூட்டம் 24 மணி நேரம் வரை நீடிக்கலாம். சின்ன அறைக்கு 2 மணி நேரம் போதாதா?

முன்பதிவுக்கு மட்டும் என்றால், அறைக்குத் தனி உரிமம் வாங்கத் தேவையில்லை.

ஊழியர்கள் அவுட்லுக்கில் கூட்டத்தை உருவாக்கும்போது, அறையின் பெயரைக் கையால் எழுதாமல் 'ரூம் ஃபைண்டர்' பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கவேண்டும்.

அனுப்பியதோடு வேலை முடியவில்லை. அறையிடமிருந்து 'ஏற்கப்பட்டது' என்ற பதில் வந்தால்தான் அது உங்கள் அறை.

கூகுள் பயன்படுத்துகிறீர்களா?

நிறுவனங்களுக்கான கூகுள் வொர்க்ஸ்பேஸில், நிர்வாகப் பக்கத்தின் 'டைரக்டரி' பகுதியில் 'பில்டிங்ஸ் அண்ட் ரிசோர்சஸ்' இருக்கும். முதலில் கட்டடத்தையும் பிறகு அறைகளையும் சேர்க்கவேண்டும். ஊழியர்கள் கூட்டத்தைப் பதியும்போது 'ரூம்ஸ்' என்பதை அழுத்தி அறையைத் தேர்ந்தெடுக்கலாம்.

இலவச ஜிமெயில் கணக்கில் இயங்கும் சிறிய கடை, துணைப்பாட நிலையம் என்றால்? ஒவ்வோர் அறைக்கும் ஒரு தனி நாள்காட்டியை உருவாக்கி, சக ஊழியர்களுக்குத் திருத்தும் உரிமையோடு பகிரலாம். ஆனால் ஒன்றை மறக்கவேண்டாம்: ஒரே நேரத்தில் இரண்டு பேர் பதிந்தால் அது தடுக்காது. பதியும் முன்னர் நீங்கள்தான் பார்க்கவேண்டும்.

ஆளே வராத கூட்டங்கள்

'ஃபுல்' என்று காட்டும் அறை காலியாகக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். வாராந்தரக் கூட்டங்கள்தான் பெரும்பாலும் காரணம். ஏற்பாடு செய்தவர் வேலையை விட்டே போயிருப்பார். திங்கட்கிழமை 10 மணி மட்டும் இன்னும் அவர் பெயரிலேயே இருக்கும்!

என்ன செய்யலாம்?

- தொடர் கூட்டத்துக்கு முடிவுத் தேதி கொடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளலாம்.

- கூட்டம் ரத்தானால் நாள்காட்டியிலும் ரத்துசெய்யுங்கள். வாட்ஸ்அப்பில் சொன்னால் சக ஊழியர்களுக்குத் தெரியும், அறைக்குத் தெரியாது.

- வேலையை விட்டுச் செல்பவர், தாம் பதிந்த கூட்டங்களை ரத்துசெய்துவிட்டுப் போகட்டும்.

இன்னொன்று: மைக்ரோசாஃப்டின் வழக்கமான அமைப்பில், தொடர் கூட்டத்தில் ஒரே ஒரு நாள் மோதினாலும் அறை முழுத் தொடரையும் மறுத்துவிடும். மோதலைக் கொஞ்சம் அனுமதிக்குமாறு நிர்வாகி அமைப்பை மாற்றலாம்.

யார் என்ன பார்க்கலாம்?

'ஒழுங்கு நடவடிக்கை', 'சம்பளப் பேச்சு' போன்ற தலைப்புகளை எல்லாரும் பார்க்கத் தேவையில்லை. மைக்ரோசாஃப்டின் வழக்கமான அமைப்பு, அறை நாள்காட்டியில் தலைப்பை நீக்கிவிட்டு, ஏற்பாடு செய்தவரின் பெயரைப் போடும். ஆனால் திருத்தும் உரிமையோடு பகிரப்பட்ட கூகுள் நாள்காட்டியில் எல்லா விவரமும் தெரியும். அங்கே 'சந்திப்பு' என்று மட்டும் எழுதுவது நல்லது.

இயக்குநர் அறை, பெரிய மண்டபம் போன்றவற்றுக்கு ஒருவர் ஒப்புதல் கொடுத்தபின் பதிவாகும்படி செய்யலாம். எல்லா அறைக்கும் அப்படி வைத்தால், அவர் விடுப்பு எடுக்கும் நாளில் எல்லாம் நின்றுபோகும்.

எங்கே தொடங்குவது?

அதிகம் சண்டை வரும் அறை எது? அதிலிருந்து தொடங்குங்கள். நாள்காட்டி நடப்புக்கு வரும் அன்றே, கதவில் ஒட்டிய தாளை எடுத்துவிடுங்கள். இரண்டும் இருந்தால் குழப்பமும் இருக்கும்.

மேலதிகாரிகளும் அதே நாள்காட்டியில்தான் பதியவேண்டும். அவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு என்றால் பழைய கதைதான்.

அடுத்த முறை 3 மணிக்குக் கதவு திறந்தால், புதிதாகச் சேர்ந்தவரும் தயங்காமல் சொல்லலாம்: "மன்னிக்கணும், இது எங்க பதிவு."