மண் கேட்டால் கசியும் பானை

சித்திரை வெயிலில் காலையில் குடம் குடமாய் ஊற்றியும் மாலையில் கத்தரிச்செடி தலை தொங்கி நிற்கும். மேல்மண்ணை நனைத்த நீரில் கணிசமான பங்கை வேர் தொடும் முன்பே வெயில் எடுத்துக்கொள்கிறது.

நீரை வேரின் பக்கத்திலேயே வைக்க ஒரு பழைய வழி உண்டு. கி.மு. முதல் நூற்றாண்டில் சீனாவின் ஃபான் ஷெங்ஷி எழுதிய வேளாண் நூல், குழிக்கு நடுவே மண்பானையைப் புதைத்துச் சுற்றிலும் முலாம்பழம் நடச் சொல்கிறது. 1970-களில் ஹரியானாவின் கர்னாலில் உள்ள மத்திய உவர்மண் ஆராய்ச்சி நிலையம் இந்தப் பானைப் பாசனத்தை ஆராய்ந்தது.

சுட்ட மண்ணில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. காய்ந்த மண் அவற்றின் வழியே நீரை இழுக்கும்; ஈரம் ஏறியதும் இழுவிசை தளர்ந்து கசிவு குறையும். வேர்கள் குடித்து மண் உலர்ந்தால் மறுபடி கசியும். குழாயைத் திறக்கவும் மூடவும் ஆள் தேவையில்லை.

வண்ணம் பூசாத ஐந்து லிட்டர் பானை போதும். நீர் நிரப்பி வைத்தால் சில மணி நேரத்தில் வெளிப்புறம் வியர்க்க வேண்டும். வியர்க்காத பானை இதற்கு ஆகாது. கழுத்து மட்டும் வெளியே தெரியப் புதைத்து, ஒரு சாண் தள்ளி மூன்று நான்கு நாற்றுகளை நடுங்கள். வாயைத் தட்டால் மூடாவிட்டால் டெங்கு கொசு குடியேறிவிடும். உப்புநீர் ஊற்றும் வீடுகளில் துளைகள் அடைபடும். பருவம் முடிந்ததும் பானையை எடுத்து நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். மண்ணின் மேல் இரண்டு அங்குலத்துக்குச் சருகோ வைக்கோலோ மூடாக்காகப் பரப்பினால் ஈரம் இன்னும் தங்கும்.

எதை எப்போது விதைக்கிறோம் என்பதும் நீர்க்கணக்குதான். தண்டுக்கீரையும் முளைக்கீரையும் சோளம், கம்பு போல சி-4 வகைப் பயிர்கள். இலைத்துளைகளை அதிகம் திறக்காமலே கரியமில வாயுவைப் பிடித்துக்கொள்வதால், குறைந்த நீரில் கோடையிலும் தழைக்கும். கொத்தவரையும் வறட்சி தாங்கும்.

பந்தலில் ஏறும் நாட்டு அவரை வேறு ரகம். பகல் குறுகினால்தான் அது பூக்கும். ஆடியில் ஊன்றினால் கொடி வளர்ந்து முடிக்கும் நேரத்தில் ஐப்பசி, கார்த்திகையின் குறும்பகல் வந்துவிடும், மழையும் கைகொடுக்கும். அதையே மாசியில் ஊன்றினால், கோடை முழுக்க ஊற்றிய தண்ணீர் வெறும் இலையாகவே நிற்கும்.