வேலைக்கு வந்த காஞ்சனை

சென்ற மாதம் ஒரு நாள் மேடவாக்கத்தில் என் சிநேகிதியின் வீட்டுக்குப் போயிருந்தேன். இரவு எட்டு மணிக்குப் பொசுக்கென்று மின்சாரம் நின்றுவிட்டது. அடுக்கு மாடிக் குடியிருப்பு முழுவதும் ஒரே இருட்டு. சிநேகிதியின் மாமியார் மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்துவிட்டு, "காஞ்சனை கதை தெரியுமோ உங்களுக்கு?" என்று ஆரம்பித்தார். கதை முடிவதற்குள் பேத்திகள் இருவரும் என் புடவைத் தலைப்பைக் கெட்டியாகப் பிடித்துக் கொண்டு விட்டார்கள்!

புதுமைப்பித்தன் எழுதிய அந்தக் கதை 1943-ம் வருஷம் ஜனவரி மாதத்துக் 'கலைமகள்' இதழில் வெளியாயிற்று. யுத்த காலம் அது. முந்திய வருஷம் ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் விசாகப்பட்டினத்தில் குண்டு போட்டிருந்தன. சென்னைவாசிகளில் ஏராளமானோர் மூட்டை முடிச்சுகளோடு ஊரைக் காலி செய்துவிட்டுப் போனார்கள். இருட்டும் பயமும் ஜனங்களுக்குப் பழகிப் போயிருந்த சமயம்.

'கலைமகள்' பேய்க் கதைக்குப் பேர் போன பத்திரிகை அல்ல. கி. வா. ஜகந்நாதன் ஆசிரியராக இருந்த இலக்கிய மாத இதழ். கதையை எழுதியவரும் மந்திர தந்திரங்களில் மூழ்கியவர் அல்ல. சொ. விருத்தாசலம் என்ற சொந்தப் பெயருடைய அவர், 'தினமணி'யில் வேலை பார்த்த பத்திரிகைக்காரர். மேரி ஷெல்லியின் 'பிராங்கென்ஸ்டைன்' நாவலைப் 'பிரேத மனிதன்' என்று தமிழில் தந்தவரும் அவரே.

கதையில் பாழடைந்த பங்களா கிடையாது. நம் வீடுகளைப் போல ஒரு வீடு. கணவர் எழுத்தாளர். பிச்சை கேட்டு வந்த பெண்ணை மனைவி இரக்கப்பட்டு வேலைக்கு வைத்துக் கொள்கிறாள். வந்தவள் மனுஷிதானா என்ற சந்தேகம் கணவருக்கு. சொன்னால் மனைவி பயந்து போவாளே! சொல்லாமல் இருந்தாலோ தமக்கே தூக்கம் இல்லை. வேலைக்கு ஆள் தேடி அலையும் நமக்கு இது வயிற்றைக் கலக்காதா, என்ன?

பின்னர் 'காஞ்சனை' என்ற பெயரிலேயே கதைத் தொகுதி நூலாக வந்தது. அதன் முன்னுரையில் ஆசிரியர் ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். கதையைப் படித்த நண்பர் ஒருவர், பேய் பிசாசில் நம்பிக்கை உண்டா என்று அவரைக் கேட்டாராம். அவை இல்லை என்பதே தம் நம்பிக்கை, ஆனாலும் பயம் இருக்கிறதே என்று பதில் சொன்னாராம் இவர். வேடிக்கை என்று நினைத்து நண்பர் சிரித்துவிட்டார். எனக்கென்னவோ அது வேடிக்கையாகப் படவில்லை. அறிவு ஒன்று சொல்கிறது; இருட்டில் நெஞ்சு வேறொன்று சொல்கிறது. இதை ஒப்புக்கொள்ள எத்தனை ஆண்களுக்குத் தைரியம் உண்டு?

அவருடைய சொந்த வீட்டை மிரட்டிய பேய் வேறு: பணக் கஷ்டம். மனைவி கமலாவுக்கு அவர் எழுதிய கடிதங்கள் 'கண்மணி கமலாவுக்கு' என்ற நூலாக வந்திருக்கின்றன. படித்தால் மனம் கனத்துப் போகிறது. 1948-ல், நாற்பத்திரண்டாம் வயதில், காசநோய் அவரைக் கொண்டு போயிற்று. 2002-ல் தமிழக அரசு அவருடைய எழுத்துக்களை நாட்டுடைமை ஆக்கியது.

மேடவாக்கத்தில் மின்சாரம் திரும்பி வந்தது. "பேயாவது, பூதமாவது!" என்று சிரித்தார்கள் பேத்திகள். ஆனால் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போகும்போது மட்டும் இருவரும் கையைக் கோத்துக் கொண்டார்கள்.