ஆண்டிபயாடிக் மாத்திரையுடன் வலி மாத்திரை சேர்த்துச் சாப்பிடலாமா?



பல் வலி, தொண்டை வலி, சிறுநீர்க் கடுப்பு என்று மருத்துவரிடம் போகிறோம். ஐந்து நாளைக்கு ஆண்டிபயாடிக் எழுதித் தருகிறார். வீட்டுக்கு வந்த பிறகும் காய்ச்சலும் வலியும் குறையவில்லை. அலமாரியில் மெடிக்கலில் வாங்கிய டோலோ இருக்கிறது. சபுராளி கொண்டு வந்த பனடாலும் இருக்கிறது. இதையும் சேர்த்துப் போடலாமா? மீமிசல், கோட்டைப்பட்டினம், அறந்தாங்கி என நம் பகுதியில் எல்லா வீடுகளிலும் எழும் கேள்வி இது.

பாராசிட்டமால்

அமோக்சிசிலின், அசித்ரோமைசின், செஃபிக்சிம் போன்ற ஆண்டிபயாடிக்குகளுடன் பாராசிட்டமால் எடுப்பதில் பொதுவாகத் தடையில்லை. கவனிக்க வேண்டியது அளவைத்தான். உடல்நலமுள்ள பெரியவருக்கு 24 மணி நேரத்தில் 4 கிராம்தான் உச்ச வரம்பு. 500 மி.கி. மாத்திரை என்றால் 8, 650 மி.கி. என்றால் 6. இதைத் தாண்டக் கூடாது. ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் குறைந்தது 4 மணி நேர இடைவெளி வேண்டும். கல்லீரல் நோய் உள்ளவர்களும் உடல் மெலிந்தவர்களும் மருத்துவரிடம் கேட்டு, குறைவாகவே எடுக்க வேண்டும். குழந்தைகளுக்கு எடையை வைத்துத்தான் அளவு.

நாம் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. டோலோ, கால்பால், குரோசின், பனடால் எல்லாமே பாராசிட்டமால்தான். காம்பிஃபிளாம், ஜீரோடால்-பி மாத்திரைகளிலும் தலா 325 மி.கி. பாராசிட்டமால் இருக்கிறது. பல சளி மாத்திரைகளிலும் உண்டு. காலையில் டோலோ, மதியம் பனடால், இரவு சளி மாத்திரை என்று போட்டால் ஒரே மருந்தை மூன்று பெயரில் சாப்பிடுகிறோம். அளவு மீறினால் கல்லீரல் பாதிக்கப்படும்; முதல் நாளில் அறிகுறி தெரியாமலும் போகலாம். காசநோய்க்கு ஐசோனியசிட், ரிஃபாம்பிசின் சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பாராசிட்டமாலைத் தொடர்ந்து போடக் கூடாது.

மற்ற வலி மாத்திரைகள்

ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக் ஆகியவற்றில் கூடுதல் எச்சரிக்கை தேவை.

* சிப்ரோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் ஆகியவற்றுடன் சேர்ந்தால் வலிப்பு வரும் வாய்ப்பு கூடும். ஏற்கெனவே வலிப்பு உள்ளவர்கள் கட்டாயம் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.
* ஜென்டாமைசின், அமிகாசின் ஊசி போட்டுக்கொள்ளும் நாட்களில் இவை சிறுநீரகத்தைப் பாதிக்கலாம்.
* சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப் புண், இதய நோய் உள்ளவர்களும், இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடும் பெரியவர்களும், கர்ப்பிணிகளும் தாமாக வாங்கிப் போடக் கூடாது.
* மழைக்காலக் காய்ச்சல் டெங்குவாக இருக்கலாம். டெங்குவில் இம்மாத்திரைகளும் ஆஸ்பிரினும் இரத்தக் கசிவை அதிகப்படுத்தும். ஆண்டிபயாடிக் டெங்கு கிருமியை எதுவும் செய்யாது. பரிசோதனை முடியும் வரை பாராசிட்டமால் மட்டும் போதும்.

வலி நின்றால் நோய் போய்விட்டதா?

வலி மாத்திரை காய்ச்சலை அடக்கும், கிருமியைக் கொல்லாது. எனவே காய்ச்சல் விட்டதும் ஆண்டிபயாடிக்கை நாமாக நிறுத்தக் கூடாது. ஆண்டிபயாடிக் தொடங்கி இரண்டு, மூன்று நாளாகியும் வலி மாத்திரையின் வேகம் தீர்ந்ததும் காய்ச்சல் திரும்பினால் மீண்டும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். உடலில் தடிப்பு, முகவீக்கம், மூச்சுத் திணறல் வந்தால் உடனே 108.

ரமலான் மாதத்தில் மூன்று வேளை மருந்தை இஃப்தாருக்கும் சஹருக்கும் இடையில் நெருக்கிப் போடுவதும், பகல் வேளையை விட்டுவிடுவதும் தவறு. இரண்டு வேளை மருந்தாக மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். முடியாவிட்டால், நோயாளி நோன்பை விட்டு, பின்னர் களா செய்யும் சலுகையை மார்க்கம் தந்திருக்கிறது.

மாத்திரை அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் அது மருத்துவர் சீட்டில்லாமல் வாங்கக் கூடாத மருந்து. இதை மக்களுக்குத் தெரிவிக்கவே மத்திய அரசு 2016-ல் விழிப்புணர்வுப் பிரசாரம் தொடங்கியது. போன முறை மிஞ்சிய மாத்திரையையும், பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதியதையும் நாம் சாப்பிடக் கூடாது. மருத்துவரிடம் போகும்போது வீட்டில் சாப்பிடும் எல்லா அட்டைகளையும் எடுத்துச் சென்று காட்டுவோம். சந்தேகம் இருந்தால் 104 என்ற எண்ணில் இலவசமாகக் கேட்கலாம்.

நோயற்ற வாழ்வை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.