நடையைப் பார்த்தே நொண்டலை அளக்கலாம்

கறவைப் பசு காலைத் தூக்கித் தூக்கி வைத்த பிறகுதான் நாம் அதை நொண்டி என்கிறோம். கால் காட்டிக் கொடுக்குமுன்பே முதுகு காட்டிக் கொடுத்துவிடும்.

குதிரை வைத்திருப்போர் அதன் தலையைக் கவனிப்பர். நோவுள்ள முன்னங்கால் தரையில் படும்போது குதிரை தலையை உயர்த்தும். பசுவில் முதலில் பார்க்க வேண்டியது முதுகு. அமெரிக்காவில் மிச்சிகன் ஆய்வாளர்கள் 1997-ல் வெளியிட்ட மதிப்பெண் முறைக்குக் கருவி எதுவும் வேண்டாம். நிற்கையிலும் நடக்கையிலும் முதுகு நேராக இருந்தால் 1. நிற்கையில் நேராகவும், நடக்கையில் வில்போல் வளைந்தும் இருந்தால் 2. இரு நிலையிலும் வளைந்து, எட்டும் குறுகினால் 3. ஏதேனும் ஒரு காலைக் காத்து, தயங்கித் தயங்கி அடி வைத்தால் 4. காலை ஊன்றவே மறுத்தால் 5.

நாம் தவறவிடுவது 2-ஐத்தான். கட்டுத்தறியில் நிற்கும் பசுவில் அது தெரியாது. அந்த ஆய்வில் 2-க்கு மேல் மதிப்பெண் பெற்ற பசுக்கள் சினை பிடிக்கத் தாமதமாயின; பண்ணையிலிருந்து கழிக்கப்பட்டவையும் அவற்றில் அதிகம். சினை நிற்கவில்லை என்று தீவனத்தை மட்டும் மாற்றிப் பார்ப்போர் குளம்பையும் ஒருமுறை தூக்கிப் பார்ப்பது நல்லது.

பால் கறந்த பின், வழுக்காத சமதரையில் நடத்துங்கள். சாணமும் ஈரமும் படிந்த சிமெண்டுத் தளத்தில் நல்ல மாடும் எட்டைக் குறுக்கும். ஒருவர் கயிற்றைத் தளர்வாகப் பிடித்து, விரட்டாமல் நடத்த வேண்டும். மற்றவர் பக்கவாட்டில் நின்று பத்து எட்டாவது பார்க்க வேண்டும்.

நீர் தெளித்த மண்ணில் நடத்தினால் அளந்தே பார்த்துவிடலாம். நலமான பசுவின் பின்குளம்பு, அதே பக்கத்து முன்குளம்பு பதிந்த இடத்திலோ அதை ஒட்டியோ விழும். நோவிருந்தால் பின்தங்கும். அந்த இடைவெளியை அளவுகோலால் அளந்து நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அடுத்த மாதம் அதே பசுவை அதே இடத்தில் நடத்தி ஒப்பிடுங்கள். ஒரு பசுவின் அளவை இன்னொன்றோடு ஒப்பிட வேண்டாம். உடல் நீளம் வேறுபடும்.

மதிப்பெண் 2 வந்தால் குளம்பைக் கழுவி, இடுக்கில் கல், முள், புண் உண்டா எனப் பாருங்கள். கறவைப் பசுக்களில் நோவு பெரும்பாலும் பின்காலின் வெளிக்குளம்பில்தான் தொடங்கும். 3-ஐத் தொட்டால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். நொண்டலோடு வாயில் எச்சில் ஒழுகி, புண்ணும் தெரிந்தால் கோமாரியாக இருக்கலாம். அந்தப் பசுவை நடத்திப் பார்க்கவே வேண்டாம். தனியே கட்டிவிட்டு உடனே மருத்துவருக்குச் சொல்லி அனுப்புங்கள்.