விலையும் செவியும்

சென்ற மாதம் நண்பர் ஒருவர் வீட்டுக்கு ஒலிபெருக்கி வாங்கத் துணைக்கு அழைத்தார். ஓய்வூதியர், கர்நாடக இசையில் பித்துக் கொண்டவர். கையில் ரூ.20,000 வைத்திருந்தார். கடை இளைஞர் அந்த விலைக்குள் ஒரு ஜோடியை ஒலிக்கவிட்டார். உடனே பக்கத்தில் இருந்த ரூ.2 லட்சம் ஜோடியையும் ஒலிக்கவிட்டார். நண்பரின் முகம் வாடிவிட்டது. நான் கவனித்தது வேறொன்று: விலை உயர்ந்த ஜோடி சற்றே கூடுதல் சத்தத்தில் ஒலித்தது.

இரு ஒலிகளுக்கு இடையே ஒரு டெசிபல் அளவுக்கு வேறுபாடு இருந்தால், அதைப் பெரும்பாலும் நாம் சத்தத்தின் வேறுபாடாக உணர்வதில்லை. தரத்தின் வேறுபாடாகவே உணர்கிறோம். ஒலியளவைச் சமப்படுத்தாத ஒப்பீடு, தட்டு சமமில்லாத தராசு.

கண்ணும் நம்மை ஏமாற்றும். அமெரிக்காவின் ஹார்மன் நிறுவனத்தைச் சேர்ந்த ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் ஆகிய ஆய்வாளர்கள் 1994-இல் ஒரு சோதனையை வெளியிட்டனர். அந்நிறுவன ஊழியர்கள் 40 பேர், நான்கு ஒலிபெருக்கிகளைத் திரைக்குப் பின்னால் மறைத்து வைத்த நிலையிலும், கண்ணெதிரே வைத்த நிலையிலும் கேட்டு மதிப்பெண் இட்டனர். மறைத்து வைத்தபோது பெரியவற்றுக்கு ஈடுகொடுத்த மலிவான சிறிய அமைப்பு, கண்ணில் பட்டதும் மதிப்பெண்ணில் சரிந்தது. விலையே சில பொருள்களுக்குக் கவர்ச்சியாகிவிடுவதைத் தார்ஸ்டைன் வெப்லன் 1899-லேயே எழுதிவிட்டார்.

அப்படியானால் மலிவானதும் விலை உயர்ந்ததும் ஒன்றுதானா? இல்லை. ஒலிப் பொறியாளர் ஹாஃப்மனின் பெயரால் வழங்கும் விதி ஒன்று உண்டு. சிறிய பெட்டி, ஆழ்ந்த கீழ்ஒலி, குறைந்த மின்திறனில் உரத்த ஒலி ஆகிய மூன்றில் இரண்டைத்தான் பெற முடியும். மூன்றாவதை விட்டுக்கொடுக்க வேண்டும். வாய்ப்புச் செலவைப் பற்றி வகுப்பில் முப்பது ஆண்டுகள் பேசியவனுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைத்ததில்லை.

ஐந்து அங்குல வூஃபர் கொண்ட ஒரு நல்ல சிறிய பெட்டி, ஏறத்தாழ 60 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். ஆண் குரலோ 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே அரிதாகவே செல்கிறது. 20 முதல் 40 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி, திரைப்பட வெடிச்சத்தத்துக்கும் மேலைத் தேவாலயங்களின் பெரிய ஆர்கனுக்கும் வேண்டும். வீணைக்கும் வாய்ப்பாட்டுக்கும் வேண்டியதில்லை. ஆனால், தீவிர ஒலி ரசிகர்கள் மலிவான பெட்டியிடமும் முதலில் தேடுவது அந்த ஆழத்தைத்தான். இந்தக் குறைக்கு அஞ்சிச் சில தயாரிப்பாளர்கள் 100 ஹெர்ட்ஸ் அருகே ஒலியைச் செயற்கையாக மேடாக்கிவிடுகின்றனர். கடையில் கேட்கும்போது கம்பீரமாக இருக்கும். வீட்டில் பாடகரின் குரல் பானைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். தவறான அளவுகோல், நல்ல மலிவுப் பொருளையும் கெடுத்துவிடுகிறது. என் வருத்தம் இதுதான்.

வாட் கணக்கும் அத்தகையதே. 1990-களில் சிறிய டேப்ரிகார்டர்களின் மீதுகூட பி.எம்.பி.ஓ. என்ற பெயரில் நூற்றுக்கணக்கான வாட்கள் அச்சிடப்பட்டிருந்தன. கணப்பொழுது உச்சத்தைக் குறிப்பதாகச் சொல்லப்பட்ட அந்த எண்ணுக்கு நிலையான அளவீட்டு முறையே கிடையாது. வீட்டு ஆம்ப்ளிஃபயர்களின் வாட் அளவை எப்படிக் கணக்கிட்டு விளம்பரப்படுத்த வேண்டும் என்று அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 1974-லேயே விதி வகுத்தது. உண்மையில், சாதாரண ஒலிபெருக்கி ஒன்று, ஒரே ஒரு வாட்டில் ஒரு மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 85 டெசிபல் எழுப்பும். உரையாடல் 60 டெசிபல்தான். வாட்டை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல். செவிக்கு இரு மடங்காகத் தோன்ற, பத்து மடங்கு திறன் வேண்டும். குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி இங்கே கண்கூடு.

எனவே, எதை விட்டுக்கொடுத்து இந்த விலைக்குத் தருகிறார்கள் என்பதே வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்வி. கீழ்ஒலியின் ஆழத்தை விட்டுக்கொடுத்திருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். குரலின் தெளிவை விட்டுக்கொடுத்திருந்தாலோ, சற்று உரக்க வைத்ததும் பெட்டியே அதிர்ந்தாலோ, எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். பழகிய குரல் ஒன்றின் ஒலிப்பதிவைக் கையோடு கொண்டுபோய்க் கேட்பது, எந்த விளம்பர எண்ணைவிடவும் நம்பகமானது.

நண்பர் ரூ.18,000-க்கு ஒரு ஜோடி வாங்கினார். மறுநாளே தொலைபேசியில் குறைப்பட்டுக்கொண்டார்: மிருதங்கம் இரைகிறதாம். போய்ப் பார்த்தேன். கூடத்தின் இரு மூலைகளிலும் சுவரை ஒட்டிப் பெட்டிகள். கீழே பளபளக்கும் டைல்ஸ் தரை. மூலை, கீழ்ஒலியைப் பெருக்கும். வெறுந்தரையும் வெறுஞ்சுவரும் ஒலியைத் திருப்பி வீசும். பெட்டிகளைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னே நகர்த்தி, செவியின் உயரத்துக்கு வரும்படி முக்காலிகளின் மீது வைத்து, நடுவே ஜமக்காளம் விரித்தோம். அரைமணி நேர வேலை, செலவு ஏதுமில்லை. தம்பூராவின் நான்கு தந்திகளும் தனித்தனியே கேட்கின்றன என்று நண்பர் பூரித்தார். கூடத்தின் நடுவே இரண்டு முக்காலிகள் எதற்கு என்று அவர் மனைவிதான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.